கால் பப்பாளி

ஒரு சாண் வயிறு என்பார்கள்.
எனக்கு இப்போது அதுவும் இல்லை.
வெட்டி எடுத்தது போக
வாழைப்பழ அளவில் ஒரு குழாய்.
உள்ளே போட்ட தையல்
பஸ் இருக்கையின் ஓரத் தையல்போல
நெருக்கமாக, நேராக இருக்குமென்று
நானாக நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் தண்ணீர். அப்புறம் கூழ்.
பூசணிக் கூழ், கேரட் கூழ், கீரைக் கூழ்,
காய்க்குப் பெயர் போய் நிறம் மட்டும் மிஞ்சியது.
சமையலறைக்குள் எட்டிப் பார்த்து
"இன்னிக்கு ஆரஞ்சா, பச்சையாம்மா?" என்பான் மகன்,
சிக்னல் கேட்பதுபோல.

ஆறாவது வாரம்
உணவு ஆலோசகர் ஹுய் லிங் ஒரு தாள் கொடுத்தாள்.
மீன், முட்டை முதலில்.
இடம் மிஞ்சினால் காய்.
இன்னும் மிஞ்சினால் பழம்.
தோல் கூடாது, நார் கூடாது,
ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல்.
பிறகு குரலைத் தணித்து,
"சக்கையைத் துப்ப உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா?"
யாரிடம் கேட்கிறாள்!
முருங்கைக்காய் சாம்பாரில் பல் முளைத்தவள் நான்.

ஆனாலும் எட்டாவது வாரம் அவசரப்பட்டேன்.
ஒரே ஒரு கங்கோங் தண்டு.
உள்ளேயும் நகராமல், இறங்கவும் மாட்டாமல்
கதவை மறித்து நிற்கும் பயணிபோல
நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டது.
தயவுசெய்து உள்ளே நகருங்கள்,
தயவுசெய்து உள்ளே நகருங்கள்.
நாற்பது நிமிடம்.
கழிவறைத் தரை குளிர்ச்சியாக இருந்தது.

ஈசூன் ஈரச்சந்தையில் பழக்கடை சுவாவுக்கு
என்னை என் பைகளால்தான் தெரியும்.
வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு முழுப் பப்பாளி,
ஒரு சீப்பு வாழை, லொங்கான் ஒரு கட்டு.
"கால் துண்டு கிடைக்குமா?"
என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.
"பிள்ளை ராணுவத்துக்குப் போயிட்டானா?"
இல்லை, அவன் இன்னும் உயர்நிலை மூன்றுதான்.
வேறெதுவும் கேட்காமல் வெட்டினார்.
எண்பது காசு.
முழுப் பழத்துக்கான பெரிய பையிலேயே போட்டார்.
உள்ளே அது உருண்டுகொண்டே வந்தது.

பேருந்து முனையத்தில் எனக்கு ஓய்வு
இருபத்தெட்டு நிமிடம்.
முன்பெல்லாம் நாசி பாடாங் ஆறு நிமிடம்,
மிச்சத்தில் ஒரு கறிபஃப், ஒரு தே தாரிக்.
என்ன தின்றேன் என்று கேட்டிருந்தால்
விலையைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்று டப்பாவில் பத்துத் துண்டுகள்,
சுண்டுவிரல் நகத்தளவு.
ஒன்று, இரண்டு, மூன்று...
நொறுங்கத் தின்றால் நூறு வயதாம்.
நூறெல்லாம் வேண்டாம்,
மூன்று பதினைந்துக்கு வண்டியை எடுக்கணும்.
பதினொன்று, பன்னிரண்டு...
பதினேழில் எங்கிருந்தோ ஒரு கசப்பு,
தோலை ஒட்டிய பக்கத்தின் மெல்லிய கசப்பு,
அதற்குப் பின்னால்தான் இனிப்பு வந்தது.
நாற்பத்து மூன்று வருடமாக இந்த நிறுத்தத்தில்
நான் நிற்காமலே போயிருக்கிறேன்.

ஏழாவது துண்டில் மூக்கு ஒழுகியது.
வயிறு நிறைந்தால் இப்போது
மூக்குத்தான் வந்து சொல்கிறது.
மூடி வைத்தேன்.
பசி எப்போதோ போய்விட்டது.
ஆசையை யாரும் தைக்கவில்லை,
அது பழைய அளவிலேயே உட்கார்ந்து
மூடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எதிர் நாற்காலியில் கமாருடின்,
ஜொகூரிலிருந்து அதிகாலையில் பாலம் தாண்டி வருபவர்.
"பப்பாளியா அக்கா?"
டப்பாவைத் தள்ளினேன்.
மூன்றையும் ஒரே வாயில் போட்டார்.
அவருக்காக நான் மனதுக்குள் எண்ணினேன்.

இரண்டுகூட வரவில்லை.